நான்கு கீ, ஒரு விரல்

அக்கா மூன்றாவது முறையாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோதும் லேப்டாப் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வீட்டில் ரகளை பண்ணிவிட்டு வெளியாள் முன்னால் கைகட்டி உட்கார்ந்துகொள்ளும் பிள்ளை மாதிரி, தட்டிய கீயெல்லாம் தட்டிய எழுத்தைக் கொடுத்தது.

“பாரு, ஒண்ணும் இல்ல” என்றான் தம்பி.

“காலையில நாலு தடவை எழுத்து விட்டுச்சுடா.”

“நாலு தடவையும் நான் பக்கத்துல இல்லையே.”

தம்பிக்குக் குடும்பத்தில் ‘விஞ்ஞானி’ என்று பெயர். எட்டு வயதில் வீட்டு ரேடியோவைத் திறந்து பார்த்தான். அதற்குப் பிறகு அது யாரிடமும் பேசவில்லை. அன்றைக்கு அப்பா வைத்த பெயர். பாராட்டாக வைத்ததில்லை. வளர்ந்தபின் அதே திறந்து பார்க்கிற குணத்தையே பிழைப்பாக்கிக்கொண்டு, ஜெராக்ஸ் கடைக்கும் பூட்டு சாவிக் கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை போட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவன் திறந்தவற்றில் பெரும்பாலானவை மறுபடி பேசின.

அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. கோளாறைத் தன் கண்ணால் பார்க்காமல் எந்த மெஷினையும் திறக்கமாட்டான். முன்பு ஒருவர், லேப்டாப்பில் எழுத்து தானாக விழுகிறது என்று கொண்டுவந்தார். கீபோர்டை மாற்றினான். மறுபடி விழுந்தது. போர்டை மாற்றினான். அப்புறமும் விழுந்தது. கடைசியில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தால், சூடு கண்ட இடம் சுகம் என்று கீபோர்டின்மேல் பூனை ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இந்தக் கொள்கை.

அக்காவின் லேப்டாப்புக்கும் அதே கொள்கைதான். எந்தக் கீயை அழுத்தினாலும் திரையில் அதன் படம் பச்சையாகும் ஒரு சோதனை உண்டு. அதைப் போட்டு எல்லாக் கீயையும் வரிசையாக அழுத்திக் காட்டினான். வயலில் நாற்று நட்ட மாதிரி திரை முழுக்கப் பச்சை.

“கீபோர்டு ஜம்முன்னு இருக்கு அக்கா” என்றான். “உன் கையைத்தான் சர்வீஸுக்கு விடணும் போல.”

பக்கத்துப் பூட்டுக்காரர் சாவி அராவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வழக்கமாக இந்த மாதிரி ஒன்றுக்கு அக்கா மூன்றாகத் திருப்பித் தருவாள். அதில் ஒன்று அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பற்றி இருக்கும். அவன் அதற்கு ஆயத்தமாகத் தலையைக் குனிந்துகொண்டான். எதுவும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அக்கா லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பையின் ஜிப்பை வலது கையால் மட்டும் இழுத்தாள்.

“சரிடா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விஞ்ஞானிக்கு அதன்பிறகு வேலை ஓடவில்லை. வழக்கமாக இரையும் மெஷின் திடீரென்று அமைதியாகிவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது தொழிலில் கற்றது. அக்கா என்கிற மெஷின் நாற்பது வருஷத்தில் அவனிடம் வெறும் ‘சரிடா’ சொன்னதே கிடையாது.

இன்னொன்றும் உறுத்தியது. இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு தனிக் கீபோர்டைக் கொடுத்து, “இதை மாட்டி ரெண்டு நாள் அடிச்சுப் பாரு. இதுல விடலைன்னா பழசு கெட்டிருக்கு. இதுலயும் விட்டா சாஃப்ட்வேர்” என்று சொல்லியிருந்தான். கீபோர்டு ரிப்பேரில் அரிச்சுவடியே அதுதான். ஆனால் கேட்கும்போதெல்லாம் அவள் ஒரு காரணம் சொன்னாள். ஒரு நாள் மறந்துவிட்டது. ஒரு நாள் வயர் எட்டவில்லை. ஒரு நாள் அத்தானுக்கு ஜலதோஷம். அத்தானின் மூக்குக்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்குரூ டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு கடைக் கதவை இழுத்துவிட்டான்.

“டாக்டர் வீட்டுக்கே போய்ப் பாக்குறாரா?” என்றார் பூட்டுக்காரர்.

“பேஷண்ட் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுண்ணே.”

அக்கா வீடு நான்காவது மாடியில். ஜன்னலோரம் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று. அதுதான் அவளுடைய ஆபீஸ். மடியில் ஒரு தலையணை, அதன்மேல் லேப்டாப், காதில் ஹெட்போன், வலது காலுக்குக் கீழே ஒரு பெடல். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிப்பது வேலை. பெடலை மிதித்தால் டாக்டர் பேசுவார், விட்டால் வாயை மூடிக்கொள்வார். வீட்டில் யாரிடமும் நடக்காத அந்த அதிகாரத்துக்காகவே இந்த வேலையில் இருபத்திரண்டு வருஷமாக இருப்பதாக அவள் சொல்வாள். பிஸ்கட் மென்றுகொண்டே பேசுகிற டாக்டர், லிஃப்டில் போய்க்கொண்டே பேசுகிற டாக்டர், எல்லாரையும் அவர்கள் பேசுவதைவிட வேகமாக அடித்துவிடுவாள்.

அவன் கொடுத்த தனிக் கீபோர்டு அலமாரிமேல் இருந்தது. பெட்டியின் டேப்கூடக் கிழிக்கப்படவில்லை. அதன்மேல் ஒரு செடித்தொட்டி. தொட்டி வைத்து நாளானதற்கு அடையாளமாக அட்டையில் வட்டமாக ஈரக்கறை.

“அக்கா, இதைத் தொட்டி வைக்கிற ஸ்டாண்டுன்னு நினைச்சியா?”

அவள் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“அதை மாட்டி அடிச்சு, அதுலயும் விட்டா?”

“விட்டா சாஃப்ட்வேர். அதைத்தானே…”

“சாஃப்ட்வேர் இல்லடா.”

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள். தேதி, நேரம், எந்தக் கீ விட்டது என்று மூன்று மாதக் கணக்கு. அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இதில் கடைசிப் பக்கங்களில் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தாள். விஞ்ஞானி பக்கத்தைப் புரட்டப் புரட்ட உற்சாகமானான்.

“நாலே கீ! நம்பர் ரெண்டு, அதுக்குக் கீழ ஒண்ணு, அதுக்கும் கீழ ரெண்டு. ஒரே கோடா இறங்குது பாரு! உள்ள இந்த நாலுக்கும் ஒரே லைன்தான் போகும். அது எங்கயோ…”

“ஒரே விரலும்தான்” என்றாள் அக்கா.

அவனுக்குப் புரியவில்லை. அவன் வாழ்நாள் முழுக்க இரண்டு ஆள்காட்டி விரல்களால், கோழி கொத்துகிற மாதிரி அடிப்பவன். எந்தக் கீ எந்த விரலுக்குச் சொந்தம் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. அக்கா இடது கையை அந்தரத்தில் வைத்து, மோதிர விரலை மட்டும் நான்கு முறை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினாள். நான்கு கீயும் அந்த ஒரே விரலின் வேலை.

“அம்மாவுக்கு எதுல ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அம்மாவுக்கு முதலில் இடது கையில் ஒரே ஒரு விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி போட நேரமானது. அப்புறம் கை. அப்புறம் நடை. ஆறு வருஷம் கழித்து, அக்காவும் அவனும் முறைவைத்து ஸ்பூனால் ஊட்டினார்கள். முதன்முதலாக அம்மா கையிலிருந்து டம்ளர் நழுவிய அன்றைக்கு அவன் ஏதோ ஜோக் சொன்னான். என்ன ஜோக் என்று நினைவில்லை. எல்லாரும் சிரித்தது மட்டும் நினைவிருந்தது, அம்மாவும்கூட.

“நீ மூணு தடவை பாத்துட்டு, மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னே” என்றாள் அக்கா. “ஏதோ நல்ல சேதி சொல்ற மாதிரி சொன்னே.”

விஞ்ஞானி நோட்டை மூடினான்.

“போன வாரம் ஒரு ரிப்போர்ட்ல மருந்தளவு இருபத்தஞ்சுன்னு டாக்டர் சொன்னது, அஞ்சுன்னு போயிடுச்சு. அங்க ஒரு நர்ஸ் கவனிச்சுக் கேட்டிருக்கா. கவனிக்கலைன்னா? வேலையை விடறேன்னு மெயில் அடிச்சு வச்சிருக்கேன். திங்கக்கிழமை அனுப்பிடுவேன். உங்க அத்தானுக்குத் தெரியாது. எதுக்கு விடறேன்னு கேட்டா, அதைச் சொல்லணுமே.”

வாய் ஜோக்குக்குத் திறப்பதற்குள் கை ஏதாவது செய்யட்டும் என்று, “எழுந்திரு, நான் உட்கார்றேன்” என்றான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தலையணையை மடியில் வைத்து, அந்த நான்கு கீயையும் கொத்தினான். பத்து நிமிஷம் கொத்தினான். மெதுவாக, வேகமாக, ஓரத்தில், நடுவில். ஒன்றுகூட விடவில்லை. ஒரு எழுத்து விடாதா என்று ஒரு கீபோர்டைப் பார்த்துக் கெஞ்சுவான் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டான். அக்கா ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இடது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் பயப்படுவது உண்மையாக இருக்கலாம் என்று அவனுக்கும் தோன்றியது.

“நீயே உட்காரு” என்றான். “எப்பவும் அடிக்கிற மாதிரியே அடி. நான் இருக்கேன்னு நினைக்காதே.”

“நீ மூச்சு விடறது இங்க கேக்குது.”

“மூச்சை வேணா நிறுத்திக்கிறேன்.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தாள். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த ஒரு விரலை மட்டும் பார்த்தான். மற்ற விரல்கள் மழை மாதிரி விழுந்துகொண்டிருக்க, அது தன் முறை வரும்போது வந்து விழுந்து எழுந்தது. நான்கைந்து நிமிஷம் ஆனது. நேரம் ஆக ஆக அவள் களைத்து, மணிக்கட்டுகளை லேப்டாப்பின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டாள். அப்போது திரையில் ஒரு எழுத்து விட்டது. இன்னொன்றும் விட்டது.

“விரல் இறங்குச்சு! நேரா இறங்குச்சு, நான் பாத்தேன்!”

“இறங்கணும்னு நினைச்சுப் பாத்திருப்பே.”

அவள் கையை எடுக்கப் போனாள்.

“எடுக்காதே! அப்படியே வை. ஆடாதே.”

அவள் கை அப்படியே சாய்ந்திருக்க, அவன் அந்தக் கைக்கு மேலாகத் தன் ஆள்காட்டி விரலை நீட்டி அந்தக் கீயை அழுத்தினான். திரையில் ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தினான். வராத லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்துகிற ஆள் மாதிரி அழுத்து அழுத்தென்று அழுத்தினான். ஒன்றும் விழவில்லை.

“அக்கா, இது என் விரல்! பாரு, என் விரலுக்கும் வரல! இப்ப கையை எடு.”

எடுத்தாள். எழுத்து வரிசையாகக் கொட்டியது.

“வை.”

வைத்தாள். நின்றது.

கொள்கைப்படி கோளாறைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. விஞ்ஞானி லேப்டாப்பை அணைத்துச் சாப்பாட்டு மேசையில் குப்புறப் போட்டு, அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினான். மொத்தம் பத்து. எட்டு குட்டை, இரண்டு நீளம். நீளமானவை பின்பக்கம், மூடி கனமாக இருக்கிற இடத்தில் போக வேண்டியவை. இடது முன்மூலையில் குட்டை இருக்க வேண்டிய ஓட்டையிலிருந்து நீளமான ஒன்று வெளியே வந்தது. அதன் நுனி உள்ளே அரை நெல் அளவு துருத்திக்கொண்டு, மாதக்கணக்கில் உரசிக் கீபோர்டின் முதுகில் பளபளவென்று ஒரு தேய்மானம் உண்டாக்கியிருந்தது. மேசைமேல் வைத்தால் நான்கு ரப்பர் காலில் லேப்டாப் நிற்கும். அடிவயிற்றில் ஒன்றும் படாது. தலையணைமேல் வைத்தால் கீழேயிருந்து தலையணை தள்ளும், மேலேயிருந்து மணிக்கட்டு அழுத்தும், நடுவில் இந்த நுனி போய் அந்த நான்கு கீயின் லைனில் குத்தும். கடையிலும், மணிக்கட்டு படாமல் கொத்துகிறவன் விரலுக்கும் அது என்றைக்குமே விட்டிருக்காது.

எந்தக் கம்பெனியிலும் இப்படி மாட்டி அனுப்பமாட்டார்கள். நடுவில் யாரோ திறந்திருக்கிறார்கள். யார் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது என்று அக்கா கொண்டுவந்தபோது திறந்தவன் அவன். கடையில் யார் மெஷினைத் திறந்தாலும் ஒரு வெள்ளைத் தாளில் அடிமூடியின் படத்தை வரைந்து, கழற்றிய ஸ்குரூவை அதது இருந்த இடத்திலேயே வைப்பான். அதில் அவனுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. ஆனால் அது வெளியாள் மெஷினுக்கு. அக்கா மெஷினுக்கு என்ன தாள், என்ன படம்? எல்லாவற்றையும் ஒரு டப்பா மூடியில் குவித்துப் போட்டுவிட்டு, அவளோடு அரட்டையடித்துக்கொண்டே, கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினான். உரிமை இருக்கிற இடத்தில்தானே மனிதன் அலட்சியமாக இருக்க முடியும்.

அந்த ஸ்குரூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் நின்றான். கம்பெனிக்காரன் தப்பு என்று சொன்னால் முடிந்தது. அக்காவுக்கு வேண்டியது அவள் விரல், அது கிடைத்துவிட்டது. ஸ்குரூ யார் போட்டது என்று கேட்கிற நிலையில்கூட அவள் இல்லை. ‘கம்பெனிக்காரன்’ என்பதற்கு வாயைத் திறந்துவிட்டான்.

“நான்தான் அக்கா” என்றான். “ஃபேன் க்ளீன் பண்ணப்ப நான்தான் மாத்திப் போட்டிருக்கேன்.”

அக்கா அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை, சந்தேகம் வந்தது.

“பொய்.”

“என்ன பொய்?”

“என்னைச் சமாதானம் பண்றே. சின்ன வயசுலேருந்து நீ ஒரு தப்பை ஒத்துக்கிட்டது கிடையாது. அந்த ரேடியோகூட இடி விழுந்து கெட்டுப்போச்சுன்னுதான் இன்னிக்கும் சொல்லிட்டிருக்கே. இப்ப நீயா வந்து ஒத்துக்கிறேன்னா, அம்மா மாதிரியே எனக்கும்னு நீயே பயந்துட்டே.”

“உன் கண்ணு முன்னாடிதானே என் விரலால அழுத்தினேன்!”

“அழுத்தற மாதிரி நடிச்சிருப்பே. உனக்கு வராத நடிப்பா?”

விஞ்ஞானிக்குத் தலை சுற்றியது. தான் முட்டாள் இல்லை என்று வாதாடிப் பழகியவன். முட்டாள்தான் என்று நிரூபிக்க அவனுக்கு எந்த அனுபவமும் கிடையாது. யாரிடமும் சத்தியம் பண்ணி நம்ப வைக்கிற பெயரையும் சம்பாதித்து வைக்கவில்லை. கடைசியில் அந்த மூலை ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மூடியை முடுக்கி, நீளம் ஒன்றும் குட்டை ஒன்றுமாக இரண்டு ஸ்குரூவை மேசையில் வைத்து, ஸ்குரூ டிரைவரை அவள் கையில் கொடுத்தான்.

“நீயே மாட்டு. நீயே பாரு. நான் அந்தப் பக்கம் போய் நிக்கிறேன்.”

சுவரோரம் போய் நின்றான். அக்கா நீளமான ஸ்குரூவை இடது கையால் எடுத்தாள். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்தாள். அது நழுவாமல் நின்றது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மூலை ஓட்டையில் வைத்து முடுக்கினாள். லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்து ஆன் பண்ணி, வலது மணிக்கட்டை இடது மூலையில் ஊன்றி, இடது கை மோதிர விரலால் அழுத்தினாள். வரவில்லை. வலது கை விரல் ஒன்றால் அழுத்தினாள். அதற்கும் வரவில்லை. திருப்பிப் போட்டு, நீளத்தைக் கழற்றிக் குட்டையை மாட்டினாள். வந்தது. முழு பலத்தோடு ஊன்றிக்கொண்டு அழுத்தினாள். அப்போதும் வந்தது. மறுபடி நீளத்தை மாட்டினாள். நின்றது. மறுபடி குட்டை. வந்தது. மூன்று முறை செய்தாள். ரிப்பேர்காரன் இரண்டு முறையோடு விட்டிருப்பான்.

அப்புறம் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. விஞ்ஞானி சுவரோரமாகவே நின்றான். தண்டனையில் நிற்க வைத்த பையனைப் போல, யாரும் சொல்லாமலே.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. இப்போது முறையாகக் கோபம் வந்திருந்தது.

“மூணு மாசம்டா. அவர் பாக்கக் கூடாதுன்னு போர்வைக்குள்ள ரப்பர் பந்தை வச்சு அமுக்கிட்டிருந்தேன். கொக்கியெல்லாம் வலது கையால போடப் பழகினேன். டாக்டர்கிட்ட போக பயந்து, டாக்டர் ரிப்போர்ட்டாவே தினம் அடிச்சிட்டிருந்தேன். விஞ்ஞானியாம் விஞ்ஞானி! எருமை மாடு! பத்து ஸ்குரூவை ஒழுங்கா மாட்டத் தெரியல, கையை சர்வீஸுக்கு விடணுமாம்! பத்தாம் கிளாஸ்ல கணக்குல பதினெட்டு வாங்கினப்பவே…”

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வெயிலில் அலைந்து வந்தவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

“என்னடா சிரிக்கிறே?”

“இல்லக்கா. சொல்லு, சொல்லு.”

“சொல்றதெல்லாம் அப்புறம். வா இங்க. உட்காரு. எழுது.”

“யாருக்கு?”

“என் சூப்பர்வைசருக்கு. மூணு மாசத் தப்பும் என் பேர்ல இருக்கு. யாரால வந்ததுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

வேலையை விடுகிற மெயிலை அழித்துவிட்டு, புதிய ஒன்றைத் திறந்து அவன் முன் தள்ளினாள். அவன் கொத்தத் தொடங்கினான். ‘மதிப்பிற்குரிய’ வரை போவதற்கே அவள் பொறுமை தீர்ந்துவிட்டது.

“இந்த வேகத்துல நான் ரிட்டையரே ஆயிடுவேன். தள்ளு.”

தலையணையை மடியில் இழுத்துப் போட்டு, லேப்டாப்பை வைத்து, மணிக்கட்டுகளை நன்றாகச் சாய்த்துக்கொண்டு அடித்தாள். அவன் குனிந்து அந்த விரலைப் பார்த்தான். அது போனது, வந்தது; ஒரு முறைகூடத் தப்பவில்லை.

“‘பழுது நீக்குபவரின் அனுபவமின்மையால்’னு போடவா?”

“இருபது வருஷம் கடை வச்சிருக்கேன் அக்கா.”

“அப்ப ‘அலட்சியத்தால்’.”

“கொஞ்சம் காட்டமா இல்ல?”

“‘முழு அலட்சியத்தால்’” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். “கேட்டா பேசறதுக்கு உன் போன் நம்பரைக் கீழ போடறேன். சொல்லு.”

சொன்னான். அவன் நம்பரில் மூன்று இரண்டுகள் உண்டு. மூன்றும் விழுந்தன.